திறக்கலாம், திறக்கணும், திறப்பாங்க

ஒரு ஜூன் மாதக் காலை. மன்னார்குடிக்குத் தெற்கே கடைமடைக் கிராமம் ஒன்றில், என்னிடம் ஆங்கிலம் படிக்கும் பையனின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். கைப்பேசியில் வந்த ஆங்கிலச் செய்தியைப் பார்த்து அவன் தாத்தாவுக்குச் சொன்னான்: "மேட்டூரப் பன்னெண்டாந்தேதி திறக்கலாம்னு போட்டிருக்கு தாத்தா." வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார். "திறக்கலாம்னா? ஒருவேள திறந்தாலும் திறப்பாங்கங்கிறானா, இல்ல திறந்துக்கங்கன்னு உத்தரவு குடுத்துட்டானா?" பையன் என்னைப் பார்த்தான்.

செய்தியில் இருந்தது ‘மே’ என்ற ஒற்றைச் சொல். பரீட்சைத் தாளில் அதற்கு ஒரு மதிப்பெண். பெரியவருக்கோ ஒரு மூட்டை விதைநெல்லை ஊறப்போடுவதா வேண்டாமா என்ற கேள்வி. பையன் தமிழில் சொன்னதில் தப்பில்லை. ஆங்கில ‘மே’ அனுமதியையும் குறிக்கும், நடக்கக்கூடியதையும் குறிக்கும். தமிழ் ‘-லாம்’ விகுதியும் இரண்டையும் சுமக்கிறது. ஒரு மொழியின் மயக்கம் இன்னொரு மொழிக்குச் சிந்தாமல் சிதறாமல் போய்ச் சேர்ந்துவிட்டது. பெரியவர்தான் அதைப் பிரித்துக் கேட்டார். இத்தனை வருஷம் வகுப்பில் மோடல் துணைவினைகளை நடத்தியும் அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

நம் ஊரில் இந்தப் பாடம் நடக்கும் விதம் எல்லோருக்கும் தெரியும். கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் என்று கரும்பலகையில் ஒன்பது சொல். ஒவ்வொன்றுக்கும் நேரே ‘திறன்’, ‘அனுமதி’, ‘கடமை’, ‘அறிவுரை’ என்று ஒரு பெயர். பிறகு கோடிட்ட இடங்களை நிரப்பு. நூலகத்தில் பேசக்கூடாது, மழை வரலாம், நான் உள்ளே வரட்டுமா என்று முகமில்லாத பத்து வாக்கியம். யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று தெரியாது. பேசுகிறவர் கலெக்டரா, காவல்காரரா, காதலனா என்றும் தெரியாது. ஆனால் இந்தச் சொற்களின் பொருளில் பாதி அந்த ‘யார்’ என்பதில்தான் இருக்கிறது.

1930களில் வந்து இன்றும் அச்சில் இருக்கும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்தில் படித்த தலைமுறை ஒரு வாய்ப்பாட்டை மனப்பாடமாகச் சொல்லும். நான், நாம் என்று வந்தால் வெறும் எதிர்காலத்துக்கு ஷல். நீ, அவன், அது என்று வந்தால் வில். இதை மாற்றிப் போட்டால் கட்டளையோ உறுதிமொழியோ ஆகிவிடும். இந்த விதியை முதலில் எழுதிவைத்தவர் ஜான் வாலிஸ், 1653இல், லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில். அவர் கணித அறிஞரும்கூட. முடிவிலிக்கு நாம் போடும் படுத்த எட்டுக் குறியை அறிமுகம் செய்தவர் அவர்தான். ஆங்கிலேயர்களே பேச்சில் இதை முழுசாகக் கடைப்பிடித்ததில்லை. என் அனுபவத்தில் பேச்சு ஆங்கிலத்தில் ஷல் ஏறக்குறையச் செத்துவிட்டது. சட்டத்தில் மட்டும் கொடிகட்டிப் பறக்கிறது. அங்கே வருவது படர்க்கை ஷல்: ‘அரசு ஷல்’, ‘மாநிலம் ஷல்’. வாய்ப்பாட்டின் இரண்டாம் பாதி, அதாவது கட்டளை.

ஷல் என்பதன் பழைய ஆங்கில வேருக்கு ‘கடன்பட்டிருக்கிறேன்’ என்று பொருள். மே என்பதன் வேருக்கு ‘வலு இருக்கிறது’ என்று பொருள். கேன் ‘தெரியும்’ என்பதிலிருந்தும், வில் ‘விரும்புகிறேன்’ என்பதிலிருந்தும் வந்தவை. தமிழ் வேறு வழியில் வந்து இதே இடங்களைத் தொட்டது. ‘முடியும்’ என்பதில் வேலையை முடிப்பது இருக்கிறது. ‘கூடும்’ என்பதில் ஒன்றோடொன்று சேர்வது இருக்கிறது. ‘மாட்டேன்’ என்பதில் ‘இயலும்’ என்ற பொருள் தந்த பழைய ‘மாட்டு’ இருக்கிறது. இயலாமையைச் சொல்ல வந்த சொல் இன்று பிடிவாதத்தைச் சொல்கிறது. ‘-லாம்’ என்பது ‘-அல்’ என்ற தொழிற்பெயர் விகுதியோடு ‘ஆம்’ ஒட்டியது. செய்யல் ஆம், செய்யலாம். ‘வேண்டும்’ என்பதில் விருப்பமும் கெஞ்சலும் இருக்கின்றன. கடனிலிருந்து கடமையைச் செய்யத் தமிழுக்குத் தெரியாமல் இல்லை. கடன், கடமை, கடப்பாடு எல்லாம் ஒரே குடும்பம். ஆனால் வினையோடு ஒட்டிக் கடமை சொல்ல வந்தபோது தமிழ் எடுத்தது வேண்டுதலை.

இதன் விளைவை வயல்வரப்பில் கேட்கலாம். "தண்ணி வரணும்" என்கிறார் ஒருவர். வரவேண்டியது அவர்கள் கடமை என்கிறாரா? வந்தால் தேவலை என்று ஆசைப்படுகிறாரா? கல்லணையில் திறந்து இத்தனை நாளாயிற்று, கணக்குப்படி இந்நேரம் வந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறாரா? மூன்றுக்கும் அதே ‘-ணும்’. முதலாவதற்கு ஆங்கிலம் மஸ்ட் அல்லது ஷல் போடும். மூன்றாவதற்கு ஷுட் போடும். இரண்டாவதற்கு அன்றாடப் பேச்சில் அதனிடம் துணைவினை இல்லை. ‘நம்புகிறேன்’, ‘விரும்புகிறேன்’ என்று முழுவினைக்குப் போக வேண்டும். எங்கள் பிள்ளைகள் மூன்றுக்கும் மஸ்ட் போட்டு வைத்தால் சிவப்பு மையில் அடிக்கிறோம். எந்த ‘-ணும்’ என்று அவர்களைக் கேட்டதில்லை.

எதிர்மறையில் நிலைமை தலைகீழ். மஸ்ட், நீட் இரண்டும் உடன்பாட்டில் கிட்டத்தட்ட ஒன்றே. ‘நாட்’ சேர்ந்ததும் வானுக்கும் பூமிக்கும் போகின்றன. மஸ்ட் நாட் என்றால் செய்யக்கூடாது, நீட் நாட் என்றால் செய்யத் தேவையில்லை. தமிழ் இதை எப்போதோ தெளிவாகப் பிரித்துவிட்டது. ‘மடையைத் திறக்கக்கூடாது’, ‘மடையைத் திறக்க வேண்டியதில்லை’ இரண்டையும் டெல்டாவில் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். குழப்பினால் வாய்க்காலில் மண்வெட்டிச் சண்டைதான். அப்படியிருந்தும் வகுப்பில் அதிகம் தப்பாவது இந்த இடம்தான். மஸ்ட் என்றால் வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டோம். அதனால் மஸ்ட் நாட் என்றால் வேண்டாம் என்று பிள்ளை தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. அதன் கணக்கில் பிழையில்லை. நாம் கொடுத்த ஒன்றுக்கு ஒன்று பட்டியலில்தான் பிழை.

பட்டியலுக்குப் பதில் வேறொரு வழி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. வியங்கோள் வினைமுற்றுக்கு வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் என்று நான்கு பொருள் படித்திருக்கிறோம். ‘வாழ்க’, ‘ஒழிக’, ‘அருள்க’, ‘செலுத்துக’. விகுதி ஒன்றுதான். வாழ்த்தா, வசவா, மன்றாட்டா, ஆணையா என்று தீர்மானிப்பது பேசுகிறவர் நிற்கும் படி. மேல்படியிலிருந்து வந்தால் விதித்தல், கீழ்ப்படியிலிருந்து போனால் வேண்டல்.

இந்த விதி அரசு அலுவலக ஆங்கிலத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது. தாலுகா அலுவலகத்தில் கொடுக்கும் மனுவில் ‘ஐயா அவர்கள் பயிர் நிவாரணம் வழங்கலாம்’ என்ற பாணியில் மே, அதோடு ஒரு ‘கைண்ட்லி’. அது வேண்டல். அதே மே மேலதிகாரியின் குறிப்பில் ‘வட்டாட்சியர் 15ஆம் தேதிக்குள் அறிக்கை அனுப்பலாம்’ என்று இறங்கி வரும்போது யாரும் அதை விருப்பத்துக்கு விட்டதாக எடுத்துக்கொள்வதில்லை. அது விதித்தல். வெளியூர் ஆங்கிலேயர் ஒருவர் அந்தக் குறிப்பைப் பார்த்தால், அனுப்பாமலும் இருக்கலாமோ என்று நினைப்பார். நம் எழுத்தருக்கு அந்தச் சந்தேகம் வராது. வியங்கோள் அவர் ரத்தத்தில் ஊறியது. வில் வர வேண்டிய இடத்தில் வுட் போட்டு, ‘கூட்டம் திங்கட்கிழமை நடக்கும்’ என்பதை நடந்தாலும் நடக்கும் என்பதுபோல் எழுதுவதும் இந்த மரியாதைக் கணக்கில் சேர்ந்ததுதான் என்பது என் எண்ணம். அழுத்தம் குறைந்தால் பணிவு கூடும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஆங்கிலம் தஞ்சைக்குப் புதிதல்ல. 1780களில் இங்கே ரெசிடெண்டாக இருந்த ஜான் சல்லிவனும் ஸ்வார்ட்ஸ் பாதிரியாரும் சேர்ந்து தஞ்சை, ராமநாதபுரம், சிவகங்கையில் ஆங்கிலப் பள்ளிகள் அமைக்க முனைந்தார்கள். ஸ்வார்ட்ஸின் அரவணைப்பில் வளர்ந்த இரண்டாம் சரபோஜி ஆங்கிலத்தில் தேர்ந்தவர். 1854இல் தொடங்கிய கும்பகோணம் கல்லூரியை ‘தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்’ என்றார்கள். கும்பகோணத்தில் படித்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி ஆங்கிலேயரே மெச்சும் பேச்சாளர் ஆனார். அதே கல்லூரியில் ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறி உதவித்தொகையை இழந்தவர் ராமானுஜன். ஒரு மொழி ஒரே ஊரில் ஒருவரை ஏற்றியும் ஒருவரை இறக்கியும் விட்ட கதை இது. ஆனால் டெல்டாவின் தலையெழுத்தை எழுதிய ஆங்கிலம் கல்லூரியில் இல்லை. அது ஒப்பந்தங்களில் இருந்தது.

1892 பிப்ரவரி 18. மதராஸ் அரசும் மைசூர் சமஸ்தானமும் செய்துகொண்ட ஒப்பந்தம். மதராஸின் முன் ஒப்புதல் இல்லாமல் குறிப்பிட்ட ஆறுகளின் குறுக்கே மைசூர் புதிய பாசன நீர்த்தேக்கம் எதுவும் கட்டக்கூடாது என்பது அதன் சாரம். இங்கே ஷல் நாட் மைசூரின் கையைக் கட்டுகிறது. அதோடு முடிந்தது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த விதியைப் படித்தால் கயிறு திரும்பி வருகிறது. ஏற்கெனவே நிலைபெற்ற நீருரிமையைக் காப்பதற்காக அன்றி, அந்த ஒப்புதலை மறுக்காதிருக்க மதராஸ் கட்டுப்பட்டது. ‘மறுக்காதிருக்கக் கட்டுப்பட்டது’ என்ற இரட்டை எதிர்மறையைக் கோடிட்ட இடப் பயிற்சியில் யாரும் கொடுப்பதில்லை. கொடுத்தால் ஒரு வாரப் பாடம் ஆகும்.

1924 பிப்ரவரி 18 ஒப்பந்தம் இன்னும் சிக்கலானது. கிருஷ்ணராஜசாகரும் மேட்டூரும் இரு தரப்புச் சம்மதத்தோடு எழுந்தது அதன் பலத்தில்தான். ஐம்பது ஆண்டு முடிந்ததும், குறிப்பிட்ட சில உட்பிரிவுகளின் கட்டுப்பாடுகள் மறுபரிசீலனைக்குத் திறந்திருக்கும், இரு தரப்பும் சேர்ந்து ஒப்புக்கொள்ளக்கூடிய மாற்றங்களுக்கும் திறந்திருக்கும் என்பது அதில் ஒரு விதி. இந்த ஒரே வாக்கியத்தில் ஷல்லும் இருக்கிறது, மேயும் இருக்கிறது. ஷல் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? திறந்திருப்பதன் மேல். மே எதன் மேல்? ஒப்புக்கொள்வதன் மேல். அதாவது கதவைத் திறந்து வைப்பது கட்டாயம், உள்ளே போய் உடன்பாடு காண்பது அவரவர் விருப்பம். 1974 வந்தது. ஒப்பந்தமே காலாவதியாகிவிட்டது என்றது கர்நாடகம். சில உட்பிரிவுகளைத்தான் மறுபடி பேசலாம், மற்றது நிற்கிறது என்றது தமிழ்நாடு. 2018இல் உச்ச நீதிமன்றம் 1974க்குப் பின் அதற்கு உயிரில்லை என்றே கொண்டது. சட்டம் தெரிந்தவர்கள் அதன் நியாயத்தைப் பேசட்டும். இலக்கணம் நடத்துகிறவனாக எனக்கு ஒரு வருத்தம்: திறந்திருக்கும் என்ற சொல்லுக்கும் முடிந்துவிடும் என்ற சொல்லுக்கும் நடுவே ஒரு டெல்டாவே குடியிருந்தது.

அடுத்து 1956இன் மாநிலங்களுக்கிடையேயான நதிநீர்த் தகராறுச் சட்டம். அதன் 4ஆம் பிரிவை நான் இப்போது வகுப்பில் வரிவரியாகப் பிரித்துக் காட்டுகிறேன். ஒரு மாநிலம் கோரிக்கை வைத்து, பேச்சுவார்த்தையால் தகராறு தீராது என்று மத்திய அரசு கருதினால், அது நடுவர் மன்றம் அமைக்க வேண்டும். இங்கே ஷல். கெட்டியான கட்டளை போலத்தான் தெரிகிறது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கதவு இருக்கிறது: ‘கருதினால்’. கருதாத வரை ஷல் தூங்கும். 1956 வாசகத்தில் காலக்கெடுவும் இல்லை. ஓராண்டுக்குள் என்ற கெடு 2002 திருத்தத்தில்தான் வந்தது.

அந்தத் தூக்கத்தைக் கலைத்தது டெல்டா விவசாயிகளின் அமைப்பு. தமிழ்நாடு காவிரி நீர்ப்பாசன விளைபொருள்கள் விவசாயிகள் நல உரிமைப் பாதுகாப்புச் சங்கம் 1983இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. (இந்தப் பெயர் அப்படியே ஆங்கில எழுத்தில் சட்ட அறிக்கைகளில் ஏறியிருக்கிறது. வடநாட்டு வழக்கறிஞர்கள் அதை வாசிக்கும் அழகைக் கேட்க ஆசை.) தமிழ்நாடு அரசு 1986 ஜூலையில் முறையாகக் கோரிக்கை வைத்தது. பேச்சு, பேச்சு, மறுபடி பேச்சு. 1990 மே 4 அன்று நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. இத்தனை காலப் பேச்சு தோற்றதைப் பார்த்தபின் இனிப் பேசித் தீராது என்ற கருத்துக்கு வந்தே ஆக வேண்டும், கருத்து வந்தபின் மன்றம் அமைப்பது கட்டாயம், ஒரு மாதத்துக்குள் அமை. ஜூன் 2 அன்று காவிரி நடுவர் மன்றம் பிறந்தது. ஷல் என்ற துணைவினையைத் தட்டி எழுப்ப ஏழு வருஷம் பிடித்தது.

மன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5 அன்று வந்தது. மொத்த நீர் 740 டி.எம்.சி., அதில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் வந்து சேர வேண்டியது 192. ஜூனில் 10, ஜூலையில் 34, ஆகஸ்டில் 50 என்று மாதக் கணக்கு. தீர்ப்பை அரசிதழில் வெளியிடச் சட்டம் சொல்லும் இடத்திலும் ஷல்தான். மறுஆய்வு மனுக்களும் மேல் வழக்குகளும் குறுக்கே நிற்க, அரசிதழில் ஏறிய நாள் 2013 பிப்ரவரி 19. தீர்ப்பை நடைமுறைப்படுத்தத் திட்டம் வகுக்கும் அதிகாரம் தரும் பிரிவு 6-அ, 1980இல் சேர்த்தது. அதில் இருப்பது ஷல் இல்லை, மே. மத்திய அரசு திட்டம் வகுக்கலாம்.

டெல்டாக்காரர்கள் பத்தாண்டு இழுபட்டது அந்த ‘-லாம்’ விகுதியில்தான் என்று சொன்னால் மிகையில்லை. தீர்ப்பை நடைமுறைப்படுத்த மேலாண்மை வாரியம் அமைப்பதை நடுவர் மன்றம் பரிந்துரை என்ற சொல்லில் வைத்திருந்தது. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வாரியத்தை அமைக்கச் சொன்னபோது, அது பரிந்துரைதான், கட்டளை இல்லை என்று அக்டோபர் தொடக்கத்தில் மத்திய அரசு நின்றது. 2018 பிப்ரவரி 16 தீர்ப்பு பிலிகுண்டுலு அளவை 177.25 ஆகக் குறைத்தது. ஜூன் மாதத்தின் 10 டி.எம்.சி. 9.19 ஆனது. ஆறு வாரத்துக்குள் திட்டம் வகுக்கவும் சொன்னது. ஆறு வாரம் முடிந்த கையோடு ‘திட்டம்’ என்றால் என்ன என்று விளக்கம் கேட்டு மத்திய அரசு மனுப் போட்டது. துணைவினை தீர்ந்ததும் பெயர்ச்சொல்லில் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அரசிதழில் ஏறியது 2018 ஜூன் 1.

ஷல் வந்தால் கட்டாயம், மே வந்தால் விருப்பம் என்று ஒரு நோட்டுப்புத்தக விதி எழுதிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கும். நீதிமன்றங்கள் அதையும் விடவில்லை. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்ற அரசியலமைப்பின் 320ஆம் பிரிவு ஷல்லை, மீறினாலும் நடவடிக்கை செல்லும் என்ற அளவுக்கு வழிகாட்டும் சொல்லாகவே கொண்டது 1957இன் மன்போதன் லால் வழக்கு. மறுபக்கம், ஒருவரின் நலனுக்காகக் கொடுத்த அதிகாரத்தில் கடமையும் ஒட்டியிருந்தால் மே கட்டாயமாகும் என்ற வாதம் லண்டனில் நடந்த 1880இன் ஜூலியஸ் வழக்கிலிருந்து ஓடி வருகிறது. இந்தக் குழப்பம் வேண்டாமென்றே அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தங்கள் உரிமையியல் நடைமுறை விதிகளைத் திருத்தி எழுதியபோது ஷல்லைக் களைந்து, இடத்துக்கேற்ப மஸ்ட், மே, ஷுட் போட்டுக்கொண்டன. அது நடைமுறைக்கு வந்ததும் 2007இல்தான், காவிரி இறுதித் தீர்ப்பு வந்த அதே வருஷம்.

இப்போது என் வகுப்பில் கோடிட்ட இடம் குறைந்துவிட்டது. ஒரு வாக்கியத்தைக் கொடுத்து மூன்று கேள்வி கேட்கிறேன். யார் யாரைக் கட்டுகிறார்கள்? கட்டு அவிழ்ந்தால் யாருக்கு நஷ்டம்? எப்போதுக்குள்? ‘வறட்சி ஆண்டில் பங்குகள் விகிதப்படி குறைக்கப்பட வேண்டும்’ என்ற தீர்ப்பு வாசகத்தை ஒருநாள் கொடுத்தேன். ஷல் இருக்கிறது, செயப்பாட்டுவினையும் இருக்கிறது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி கேட்டாள்: "குறைக்கணும்னு போட்டிருக்கு சார். யாரு குறைக்கணும், எந்த மாசத்துல கணக்குப் பாத்துக் குறைக்கணும்னு போடலயே?" அந்தக் கேள்விக்காக ஒவ்வொரு வறட்சி ஆண்டிலும் டெல்லியில் கூட்டம் நடக்கிறது என்று சொன்னேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, அவர்கள் வீட்டில் தாளடியும் கிடையாது, ஒருபோகச் சம்பாதான்.

முறைப்பாசனம் நடக்கும் வாய்க்காலில் இந்தப் பயிற்சி தினமும் நடக்கிறது. லஸ்கர் மதகை ஏற்றிவிட்டுப் போகிறார். "இன்னிக்கு மேல்மட தண்ணி கட்டலாம், கீழ்மட நாளைக்குக் கட்டணும், ராத்திரி யாரும் தொடக்கூடாது." மூன்று வாக்கியம், மூன்று துணைவினை. யார், எப்போது, எதுவரை எல்லாம் அதில் அடக்கம். பாடநூல் எழுதுகிறவர்கள் ஒருநாள் வந்து கரையில் நின்று கேட்டால் நல்லது.

திண்ணைக்கு வருகிறேன். செய்தியை வாங்கி நான் படித்தேன். அணையின் நீர்மட்டத்தைச் சொல்லி, வழக்கமான நாளில் திறப்பு இருக்கலாம் என்று பெயர் சொல்லாத அதிகாரிகள் கூறியதாகப் போட்டிருந்தது. அனுமதி இல்லை, ஊகம். அதைச் சொன்னேன். ஜூன் 12 அந்த ஊரில் பண்டிகை மாதிரி. 2012இலிருந்து 2019வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2020இல் திறந்தார்கள். 2022இல் மே மாதமே திறந்தார்கள். 2024இல் ஜூலை கடைசிவரை காத்திருக்க வைத்தார்கள். பெரியவருக்கு எல்லா வருஷமும் விரல்நுனியில் இருந்தது.

"அப்ப ‘திறப்பாங்க’ன்னு இன்னும் யாரும் சொல்லல."

"இல்லிங்க. திறக்கலாம்னுதான்."

அவர் கொல்லைப்புறம் திரும்பிப் பார்த்தார். அங்கே சணல் சாக்கில் விதைநெல் சாய்த்து வைத்திருந்தது. ஊறப்போடப் பெரிய பாத்திரமும் கவிழ்த்தபடி பக்கத்தில் இருந்தது. போர்வெல் வைத்திருப்பவர்கள் போன வாரமே நாற்றங்கால் விட்டுவிட்டார்கள். இவரிடம் போர்வெல் இல்லை.

"சரி சார், வெத ஊறப்போடலாமா?"

பையன் மறுபடியும் என்னைப் பார்த்தான். இந்த ‘-லாமா’வுக்கு ஷல்லா, ஷுட்டா, மேயா, கேனா என்று அவன் கேட்கவில்லை.